‘யூ கோ’ என்றாள் என் மனைவி

பதுளை பெரிய ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த என் மனைவி ஜெயராணி, பல நாள் கழித்து முதன்முதலாக வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னாள்.

“வோட்டர்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நான் பதறி எழுந்தேன். “ஜெயா, என்னம்மா? தண்ணியா? தண்ணி வேணுமா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எங்கோ தூரத்தில் ஓடும் ரேடியோவில் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடாதவள் மாதிரி புருவத்தைச் சுருக்கினாள். பிறகு இன்னும் தெளிவாக, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில், “வோட்டர்” என்றாள்.

கரண்டியால் ஊட்டினேன். பாதி உள்ளே போயிற்று. பாதி உதட்டின் வலது ஓரமாக வழிந்து தலையணையை நனைத்தது. துடைத்துவிட்டேன். வெளியே மழை விட்டு, நமுனுகுல மலையின் மேல்பாதியை மட்டும் மேகம் மூடியிருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது.

“கோல்ட்” என்றாள்.

பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “மிஸ் இங்கிலீஷ் பேசுறாங்களே!” என்றார் சிங்களத்தில். நானும் சிரித்தேன். பேச்சு திரும்பிவிட்டது, எந்தப் பாஷையானால் என்ன என்று அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாளும் இங்கிலீஷ்தான். அதற்கு மறுநாளும்.

டாக்டரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பாரிசவாதம், அதாவது பக்கவாதம், வந்தவர்களில் சிலருக்குத் தாய்மொழி பின்தங்கிவிடுமாம். பிற்காலத்தில் படித்த மொழி முந்திக்கொண்டு வருமாம். அபூர்வம், ஆனால் நடக்கிறது. ஏன் என்று சரியாகச் சொல்ல முடியாது என்றார். “தமிழ் வருமா?” என்று கேட்டேன். “வரலாம்” என்றார்.

சாமான் பெயர்கள்

ஜெயராணி முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலீஷ் டீச்சராக இருந்தவள். நான் இரும்புக் கடைக்காரன். இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு பஜார் வீதியில் இருக்கும் எங்கள் கடையைத் தெரிந்திருக்கும். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த என் தாத்தா தொடங்கிய கடை. மண்வெட்டி, தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, பூட்டு, பைப், கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு, எல்லாம் கிடைக்கும். கீழே கடை, மேலே வீடு.

கடைவாசலில் வளர்ந்தவன் என்பதால் சிங்களம் எனக்குத் தமிழைப் போலவே வரும். இங்கிலீஷில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சாமான் பெயர்கள். ஹேமர், நட், போல்ட், வால்வ். பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்திவிடலாம். குடும்பம் நடத்த முடியாது.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அது உறைத்தது.

தமிழில் ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் அவளுக்குச் சில சமயம் புரிந்தது. நாலு சொல் சேர்த்துச் சொன்னால் களைத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சொல்கிற இங்கிலீஷோ எனக்குப் புரியவில்லை. ஒரே அறையில், ஒரே மேசையில், கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு, நாங்கள் இரண்டு பேரும் பாஷை தெரியாத ஊரில் இறங்கிய பயணிகளாக உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் ஒரே மகள் சுகந்தி மெல்பர்னில் இருக்கிறாள். லீவு கிடைத்து வந்து பக்கத்தில் இருந்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போனாள். அங்கிருந்து தினமும் வீடியோவில் பேசுவாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மாவும் மகளும் இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். ஜெயராணி உடைந்த சொற்களாகச் சொல்லுவாள், சுகந்தி சிரிப்பாள், இவள் முகமும் மலரும். என் கை வலிக்கும். மாற்றிப் பிடித்துக்கொள்வேன்.

“என்னம்மா சொல்றாங்க?” என்று கடைசியில் கேட்பேன்.

“சும்மாதான்ப்பா. பழைய கத. அம்மா நல்லாத்தான் பேசுறாங்க, நீங்க கவலப்படாதீங்க.”

போனை வைத்த பிறகு வீடு முன்னைவிட அமைதியாகிவிடும்.

பூட்டு வாங்க வந்தவள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதவே இல்லையே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஜெயராணி ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில், பிறந்தவள். படித்து டீச்சராகி, பசறை ரோட்டுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலைக்கு வந்திருந்தாள். பள்ளிக்கூட அலுமாரிக்குப் பூட்டு வாங்கத்தான் முதலில் எங்கள் கடைக்கு வந்தாள். நான் காட்டிய பூட்டையெல்லாம் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். “சாவி தொலைஞ்சா என்ன செய்றதுங்க?” என்றாள். “தொலைக்காம வச்சுக்கணும்” என்றேன். அதில் என்ன வேடிக்கையோ, சிரித்துவிட்டாள். பிறகு ஆணி வாங்க வந்தாள். பிறகு ஒன்றும் வாங்காமலே வந்தாள்.

வீட்டில் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தோட்டத்துப் புள்ளையா?”

கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்து மக்கள். அவர்கள் வாங்கிய மண்வெட்டியில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. ஆனால் கல்லாவுக்கு இந்தப் பக்கம் வேறு நியாயம். கல்யாணம் நடந்தது. அப்பா வந்தார், அட்சதை போட்டார், பேசவில்லை. அம்மா ரொம்ப நாள் ஜெயராணி கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவள் அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. விடிந்ததும் பசறை பஸ்ஸைப் பிடித்துப் போவாள், சாயங்காலம் வருவாள், குளிப்பாள், கொப்பி திருத்துவாள். நான் கடையைச் சாத்திவிட்டு மேலே வரும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும்.

“சாப்பிடுங்க.”

“நீ சாப்பிட்டியா?”

“ஆச்சுங்க.”

சண்டை கிடையாது. எங்களைப் பார்த்தவர்கள் நல்ல குடும்பம் என்றார்கள். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் காலமாகி, சுகந்தியும் மெல்பர்ன் போன பிறகு, மேலே நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று ஆனபோதும் பேச்சு அதே அளவில்தான் இருந்தது.

வெள்ளைக்கார நோனாவா?

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, போன் கடை ஒன்றின் மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடக்கும். போர்டை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, கடையில் வேலை செய்யும் செல்லையாவிடம் கல்லாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவை ஜெயராணிக்குத் துணை வைத்துவிட்டு, மாடிப்படி ஏறினேன்.

சொல்லிக்கொடுப்பவர் சிங்களப் பெண், திலினி மிஸ். என் மகளைவிட இளையவர். வகுப்பு முழுவதும் பையன்களும் பெண்பிள்ளைகளும். வெள்ளைக்காரர்கள் சுற்றுலா வரும் எல்ல ஊரில் ஹோட்டல் வேலைக்குப் போகக் காத்திருப்பவர்கள், கட்டாருக்குப் போகப் போகிறவர்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது.

ஒவ்வொருவரும் எதற்கு இங்கிலீஷ் படிக்க வந்தோம் என்று சொல்ல வேண்டும். ஹோட்டல், ஏர்போர்ட், அக்கா கனடாவில் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். என் முறை வந்தது.

“என் மனைவியோட பேசுறதுக்கு” என்றேன் சிங்களத்தில்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன் கண்ணை விரித்து, “அங்கிள், வெள்ளைக்கார நோனாவா?” என்றான்.

“இல்ல. ஹல்துமுல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. திலினி மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்திக் கேட்டார். சொன்னேன். கரும்பலகையைத் துடைத்தபடி, கடைக்காரர்களை எல்லோரும் கூப்பிடுவதுபோல என்னை முதலாளி என்றே கூப்பிட்டார்.

“அப்ப முதலாளிக்குக் கதை எழுதுற இங்கிலீஷ் வேணாம். கேக்குற இங்கிலீஷ்தான் வேணும்” என்றார். “ஹெல்பிங் வேர்பிலிருந்து தொடங்குவோம்.”

அப்படித்தான், சிங்களத்தின் வழியாக இங்கிலீஷ் படித்து, தமிழ்ப் பெண்சாதியிடம் பேசப் போனேன்.

ஹெல்பிங் வேர்ப் என்றால் துணைவினை. இஸ், ஆர், வாஸ், டூ, டிட், வில், கேன். பார்க்கச் சின்னச் சொற்கள். தமிழில் ‘போ’ என்பதோடு ஒட்டிக்கொண்டே எல்லாம் வந்துவிடுகிறது. போறேன், போனேன், போவேன், போகணும். கேள்வி கேட்க வேண்டுமானால் கடைசியில் ஓர் ‘ஆ’ போதும்: போறீங்களா? இங்கிலீஷில் அந்த ‘கோ’ தன்பாட்டில் நிற்கிறது. போனதா, போகப் போவதா, போக முடியாததா, கேள்வியா என்பதை முன்னால் நிற்கும் துணைவினைதான் பெரும்பாலும் சொல்ல வேண்டும்.

என் மனைவியின் மூளையில் தொலைந்துபோனவை அந்தச் சின்னச் சொற்கள். திலினி மிஸ்தான் அதைக் கண்டுபிடித்தார். ஜெயராணி பேசுவதை நான் கேட்டுவந்தபடி ஒப்பித்தேன்: “ஐ ஈட்.” “ரெய்ன் கம்.” “சுகந்தி கோல்”, அதாவது சுகந்தி போன் எடுத்தாள்.

“பெயர் இருக்கு, வேலை இருக்கு. ஹெல்பிங் வேர்ப் ஒண்ணுமே இல்ல” என்றார் அவர். “பாவம் மிஸ். வகுப்பில எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பாங்க.”

இரண்டே சொல்

அந்த நாட்களில் ஒரு விஷயம் என்னை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. சுகந்தியிடம்கூடச் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜெயராணிக்குத் தேத்தண்ணி கொடுத்து, குவளையைக் கழுவி வைத்து, சுவாமி விளக்கைக் கொளுத்துவேன். அந்த நேரத்தில் தினமும் அவள் என்னைப் பார்த்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “யூ கோ” என்பாள்.

அதற்கு அர்த்தம் எனக்கே தெரியும். நீ போ.

முதல் நாள் களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். தினமும் வந்தது. “யூ கோ.” சில நாள் இரண்டு தரம். நான் பதில் பேசாமல் கீழே இறங்கிப் போவேன். செல்லையா கடையைச் சாத்திவிட்டுப் போயிருப்பார். பின்கதவு வழியாக உள்ளே போய், லைட்டைப் போடாமல், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இரும்பும் மண்ணெண்ணெயும் புதுக் கயிறும் கலந்த வாசம். வெளியே கடைசி பஸ்காரன் “பண்டாரவளை, பண்டாரவளை” என்று கூவுவது கேட்கும்.

பாஷையோடு மரியாதையும் உறவும்கூடப் போய்விடுமா என்று யோசிப்பேன். அல்லது இத்தனை வருடம் ‘ங்க’ போட்டுப் பேசியதற்குப் பின்னால் இருந்தது இதுதானா? மூளையில் ஒரு நரம்பு வெடித்ததும் உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டதா? நீ போ. அவள் என்னிடம் சொல்ல விரும்பியது கடைசியில் அவ்வளவுதானா?

கேட்க யாருமில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் மேலே இருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை திலினி மிஸ் கேள்வி வாக்கியம் நடத்தினார். ‘யூ கோ’ என்று எழுதினார். என் காது சூடாகியது. பிறகு அதன் முன்னால் ‘டூ’ என்று எழுதினார், கேள்வியாகியது. அதை அழித்துவிட்டு ‘வில்’ போட்டார், வேறு கேள்வி. பிறகு ‘ஆர் யூ கோயிங்’ என்று எழுதி, பையன்களை வாசிக்கச் சொன்னார்.

நான் கையைத் தூக்கினேன். அந்த வகுப்பில் நான் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

“மிஸ், அந்தச் சின்னச் சொல்லு இல்லாம, சும்மா ‘யூ கோ’ன்னு மட்டும் ஒருத்தர் சொன்னா என்ன அர்த்தம்?”

“போன்னு அர்த்தம். இல்லாட்டி, நீங்க போறீங்கன்னு.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “யாரு சொன்னது?”

நான் கொப்பியைப் புரட்டினேன்.

அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். “முதலாளி, அவங்களுக்கு ஹெல்பிங் வேர்ப் வராதே. அப்ப அது கேள்வியாவும் இருக்கலாம். போறீங்களான்னு கேக்குறாங்களோ என்னவோ. எனக்குத் தெரியாது. சொன்னவங்களத்தான் கேக்கணும்.”

வகுப்பு முடிவதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டேன். மழை. குடையை மாடியிலேயே விட்டுவிட்டேன் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அம்மா கிளம்பிப் போனார். நனைந்த சட்டையோடு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் வாயில் போட்டு உருட்டிக்கொண்டு வந்ததை ஒவ்வொரு சொல்லாக வைத்தேன்.

“ஜெயா. யூ சே, யூ கோ. டூ யூ வோன்ட் மீ டு கோ?”

அவள் முகம் வெளிறியது. தலையை ஆட்டினாள். “நோ. நோ.”

“ஆர் யூ ஆஸ்கிங்?” அடுத்தது வரவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன். “ஆர் யூ ஆஸ்கிங், ஆம் ஐ கோயிங்?”

“யெஸ்” என்றாள். இடது கையால் என் ஈரச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “யெஸ். யூ கோ. ஈவ்னிங். டார்க். யூ கோ. ஐ...” அதற்கு மேல் சொல் வரவில்லை. வாசல் பக்கம் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

போகப் போகிறீர்களா என்றுதான் அவள் தினமும் கேட்டிருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போயிருக்கிறேன்.

“ஐ ஆம் நொட் கோயிங்” என்றேன். அது சரியான வாக்கியம்தானா என்று அப்போது யோசிக்கவில்லை. இன்னொரு தரமும் சொன்னேன். அவள் சட்டையை விடவில்லை.

மேசையில் ஒரு தட்டு

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அவளுக்கு வலது கை வழங்கவில்லை. பேச்சு முழுதாக இல்லை. இருந்தாலும் சொல்கிறேன், நாங்கள் அவ்வளவு பேசியது அதற்கு முன் எப்போதும் இல்லை.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது கேள்வி மட்டும்தான். ஆகவே எல்லாவற்றையும் கேட்டேன். ஆர் யூ கோல்ட்? டிட் யூ ஸ்லீப்? கேன் யூ ஹியர் த ட்ரெய்ன்? வில் யூ சிட் அவுட்சைட்? தமிழில் இதையெல்லாம் கேட்டதில்லை. தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அவளுக்குத் துணைவினை வாயில் வராது, ஆனால் நான் தப்பாகச் சொன்னால் காதில் விழுந்துவிடும். “டிட் யூ ஸ்லெப்ட்?” என்று ஒரு நாள் கேட்டேன். இடது கை விரலால் மேசையில் ‘டொக்’ என்று ஒரு தட்டு. “ஸ்லீப்” என்றாள். இன்னொரு நாள் “டூ சுகந்தி கோல்?” என்றேன். டொக். என்ன பிழை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. நான் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ‘டிட்’ போட்டதும் தலையை ஆட்டி ஒத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பாரிசவாதம் படுத்திருந்தது. டீச்சர் அப்படியே இருந்தாள்.

ஒரு காலையில் பஜார் முழுவதும் பனிமூட்டம். எதிர்க் கடை தெரியவில்லை. அவள் ஜன்னலைக் காட்டி, “மிஸ்ட். சில்ட்ரன். நோ சீ. ஐ சிங்” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. “டிட் யூ சிங்?” என்று கேட்டேன்.

“யெஸ்.”

“வேர்?”

“ஸ்கூல். டோர்.”

ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுத்தான் முழுதும் தெரிந்தது. மழைக்காலத்தில் அவள் பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒன்றும் தெரியாமல் மூட்டம் போட்டுவிடுமாம். லயத்திலிருந்து வரும் சின்னப் பிள்ளைகள் தேயிலைக்குள் வழி தவறுவார்களாம். அதனால் வாசல்படியில் நின்று சத்தமாகப் பாடுவாளாம். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வந்து சேருவார்களாம்.

அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

கடைய யாரு பாக்குறா?

தமிழ் ஒரு சாதாரணக் காலையில் வந்தது. இட்லியைப் பிட்டு அவள் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, “கடைய யாரு பாக்குறா?” என்றாள்.

கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. அவளுக்கே திகைப்பு. பிறகு மெதுவாக, “என்னங்க, கடைய யாரு பாக்குறா?” என்று முழுதாகக் கேட்டாள். நான் “செல்லையா, செல்லையா” என்று கத்தினேன். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துச் செல்லையா கீழேயிருந்து ஓடிவந்துவிட்டார்.

அதற்குள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் படங்களைக் காட்டித் தமிழில் சொல்லவைக்கப் பழக்கிக்கொண்டுதான் இருந்தார். அதுவரை வராதது, அன்றையிலிருந்து வரத் தொடங்கியது. சில வாரங்களில் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாள். சுகந்தி வீடியோவில் அழுதாள், சிரித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

தமிழ் வரவர இங்கிலீஷ் பின்னால் போயிற்று. நான் ஏதாவது கேட்டால், “இங்கிலீஷ் பேசுனா தல வலிக்குதுங்க” என்பாள். மேசையில் தட்டு விழுவதும் நின்றது.

அப்புறம் என்ன?

“சாப்பிடுங்க.”

“நீ சாப்பிட்டியா?”

“ஆச்சுங்க.”

பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தோம். யாருடைய பிழையும் இல்லை. தமிழில் எங்களுக்குத் தெரிந்த பாதை அதுதான். அவள் குணமாக வேண்டுமென்று நேர்ந்துகொண்ட கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, மொட்டைமாடியில் தனியாக நின்றேன். எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது. மனைவிக்குப் பேச்சு திரும்பிய வீட்டில் ஒருவன் இப்படி நிற்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை வகுப்புக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். “மிஸ்ஸுக்குத்தான் தமிழ் வந்திருச்சே, இன்னும் எதுக்கு முதலாளி மாடி ஏறி வர்றீங்க?” என்று திலினி மிஸ் கேட்டார். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்று வகுப்பில் புதுச் சொற்கள் எழுதிப்போட்டார். அதில் ஒன்று லோன்லி. தனியாக இருப்பதற்கு அலோன், தனிமையாக உணர்வதற்கு லோன்லி என்று சிங்களத்தில் விளக்கினார். பக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் லோன்லியாக இருக்கலாம் என்றார். பையன்கள் எழுதிக்கொண்டார்கள்.

தமிழிலேயே

அன்று சாயங்காலம் அவளை மாடிவெளியில் உட்கார வைத்து, நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மலைமேல் லயங்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயா, வெர் யூ லோன்லி?” என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையோ என்று, “இன் திஸ் ஹவுஸ்” என்று சேர்த்துக்கொண்டேன்.

மெதுவாகத் திரும்பினாள். கோணிய உதட்டில் ஒரு சிரிப்பு. “எதுக்குங்க இன்னும் இங்கிலீஷு? தமிழ்லயே கேளுங்களேன்.”

கேட்கலாம்தான். வாயைத் திறந்தேன். வரவில்லை. இங்கிலீஷில் அது வகுப்பில் படித்த வாக்கியம். தமிழில் அது என் அப்பா, என் அம்மா, மூடி வைத்த சாப்பாடு, பசறை பஸ், எல்லாமாக இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு” என்றேன். “இந்த வீட்டுல, இத்தன வருஷமா, யாருமில்லாத மாதிரி இருந்துச்சாம்மா?”

அந்தக் கடைசி ‘ஆ’வைச் சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது.

“இருந்துச்சுங்க” என்றாள்.

பிறகு பேசினாள். நடுநடுவே சொல் மறந்து நின்று, வேறு சொல்லைத் தேடிப்பிடித்து, வெகுநேரம் பேசினாள். கல்யாணமாகி வந்த முதல் நாளிலிருந்து தொடங்கினாள். இந்தத் தொடரில் எங்கள் குடும்பத்து விஷயம் எவ்வளவோ எழுதிவிட்டேன். அன்று அவள் சொன்னதை எழுதப் போவதில்லை. அது அவளுடையது. அழவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

முடித்துவிட்டு, நழுவிய சேலைத்தலைப்பை இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டாள். என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்கு?”

அப்படி ஒரு கேள்வி என்னிடம் திரும்பி வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. உதட்டைத் திறந்து திறந்து மூடினேன்.

அவள் அவசரப்படுத்தவில்லை. பதில் தெரிந்தும் சொல்ல வாய் வராமல் நிற்கும் பிள்ளையின் முன்னால் நிற்கிற டீச்சராக, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள்.